துப்பாக்கிக் குழலுக்குள்ள ஒன்பது வருஷம்

எங்க சிட்டம்பாறையில பிள்ளையார் கரைச்ச அன்னிக்கு, பன்னண்டடிப் பிள்ளையார் ஒருத்தர் போலீஸ்காரம்மாவோட பிஸ்டலையும் கையோட வாங்கிக்கிட்டு குட்டைக்குள்ள இறங்கிட்டாருங்க. வேணும்னு வாங்கினாரா, தெரியாத்தனமா மாட்டிக்கிச்சானு இன்னமும் ஊருக்குள்ள ரெண்டு கட்சி இருக்குது. நான் கண்ணால பாத்தவ, சொல்றேன். கிரேன்ல தூக்கின பிள்ளையார் காத்துக்கு ஒரு சுத்து சுத்தினாரு, ஓரத்துல நின்னு "தள்ளுங்க, தள்ளுங்க"னு கூட்டத்தை ஒதுக்கிக்கிட்டிருந்த எஸ்.ஐ. பிருந்தாவோட பிஸ்டல் நாடா அவரோட கொழுக்கட்டைக் கையில போயி மாட்டுச்சு, உறை பட்டன் தெறிச்சுது, நாடா அறுந்துச்சு, அந்தம்மா "ஐயோ"ங்கறதுக்குள்ள பிள்ளையார் பிஸ்டலோட தண்ணிக்குள்ள போயிட்டாரு. மேளம் அடிச்சவங்க நிறுத்தவே இல்ல. அந்தச் சத்தத்துல யாருக்கு என்ன தெரியும்.

நான் யாருன்னு கேக்கறீங்களா? ஸ்டேஷனுக்கு நேர் எதுத்தாப்புல தையல்கடை வச்சிருக்கற தமயந்தி. அந்தக் குட்டைக்கும் எனக்கும் ஒரு உறவு உண்டு. அது ஒரு காலத்துல கல்குவாரி. கல்லை ஒடைச்சு முடிச்சுப் போட்டுட்டுப் போன குழி, ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஐப்பசியில ஒரே வாரம் விடாம பேஞ்ச மழையில ரொம்பிப்போச்சு. ரொம்பின மூணாம் நாளு மத்தியானம், அந்தப் பக்கம் ஆடு மேச்சுக்கிட்டிருந்தவரு 'தொபீர்'னு ஒரு சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பாத்தா, கரையில ஒரு ஜோடிச் செருப்பு, தண்ணியில வட்டம் வட்டமா அலை. செருப்பு என் வீட்டுக்காரர் சென்னியப்பனோடது. தீயணைப்புக்காரங்க நாலு நாள் தேடுனாங்க, ஆள் கிடைக்கல, பாறை இடுக்குல மாட்டியிருக்கும்னுட்டுப் போயிட்டாங்க. பதினோராம் நாளு என் தாலியக் கழட்டினாங்க. அப்புறம் ஊரு அந்தக் குழிக்குத் 'தையக்காரன் குட்டை'னு பேரு வச்சுது. குளிக்கப் போற பசங்களை "தையக்காரன் காலைப் புடிச்சு இழுப்பான்"னு மிரட்டுச்சு. என் நாத்தனார் தெய்வானை வருஷா வருஷம் கரையில விளக்கு ஏத்தினா. நாலு பேரு வேண்டுதல்கூட வச்சாங்க. உசுரோட இருந்தப்ப ஒரு ஜாக்கெட்டைச் சொன்ன தேதிக்குக் குடுக்காத மனுசன், செத்து வரம் குடுக்கறாருனு பேசிக்கிட்டாங்க.

எனக்கு மட்டும் நம்பிக்கை வரலைங்க. செத்திருந்தா அழுது தீத்துட்டுப் போறேன். ஓடியிருந்தா திட்டித் தீத்துட்டுப் போறேன். ரெண்டுல எதுன்னு தெரியாம ஒன்பது வருஷம் அழுகையும் திட்டும் தொண்டையிலயே நின்னா மனுசிக்கு எப்படிச் சோறு இறங்கும்? இதுல இன்னொரு வயித்தெரிச்சல் வேற. காரியத்துக்கு வந்தவங்க போனப்புறம் பாத்தா, எங்கப்பா சீரா குடுத்த பித்தளை இஸ்திரிப் பெட்டியக் காணோம். கரி போடற பெட்டி, மூடி மேல கொக்கிக்குச் சேவல் பொம்மை வச்சது. தெய்வானைதான் கடைசியா வீட்டை விட்டுப் போனவ. நான் கேட்டேன். அவ மண்ணை வாரித் தூத்திட்டுப் போனா. அன்னையிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

சரி, பிஸ்டலுக்கு வர்றேன். தீயணைப்பு வண்டிக்காரரு மூணு மணி நேரம் முங்கி, பிள்ளையார் மடியிலிருந்து அதை எடுத்துக் குடுத்தாரு. பிருந்தாவுக்கு முப்பது வயசுகூட இருக்காது, முகம் வெளிறிப்போச்சு. தண்ணியில போட்ட பிஸ்டலோட டி.எஸ்.பி. முன்னாடி நின்னா சஸ்பெண்டுதான். அப்ப ஸ்டேஷன் ரைட்டர் நாச்சிமுத்து, எழுத்து வேலையெல்லாம் பாக்கறவரு, ஒரு யோசனை சொன்னாரு. அவரு செல்போன் ஒருக்கா பக்கெட்டுல விழுந்தப்ப, அவரு சம்சாரம் அரிசிக்குள்ள புதைச்சு வச்சுப் பொழைக்க வச்சுதாம். அதே மாதிரி பிஸ்டலையும் அஞ்சு படி இட்லி அரிசிக்குள்ள புதைச்சு, மேல தட்டுப் போட்டு மூடி, லாக்கப் பக்கத்துல வச்சுட்டாங்க. ரெண்டு வாரம் அப்படியே இருந்துச்சு. பொழுதன்னிக்கும் ஒரு ஏட்டு போய்க் காதை வச்சுக் கேட்டுட்டு வருவாரு, செல்போன் மாதிரி அடிக்கும்னு நெனச்சாரோ என்னமோ.

நவராத்திரி மொத நாளு, மாவட்டத்துலயிருந்து ஆர்மரர் வந்தாரு. துப்பாக்கி ரிப்பேர் பாக்கற போலீஸ்காரரு, யேசுவடியான்னு பேரு, திருநெல்வேலிப் பக்கம். தட்டை நீக்கிப் பாத்தவரு தலையில அடிச்சுக்கிட்டாரு.

"ஏம்மா, இது துப்பாக்கியா, பொங்கப்பானையா? மாவும் தவிடும் ஈரமும் சேந்து உள்ள பசையா ஒட்டிக் கெடக்கு. தண்ணி செஞ்ச கேடு கால்வாசி, நீங்க செஞ்சது முக்கால்வாசி!"

வேப்பமரத்தடியில மேசை போட்டு, பழைய பேப்பரை விரிச்சு, பிஸ்டலைப் பிரிச்சுப் பிரிச்சு வச்சாரு. ஸ்பிரிங் ஒரு பக்கம், விசை ஒரு பக்கம், குழல் தனியா. எல்லாத்தையும் மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, பிரஷ்ஷால தேச்சு, காத்துல ஆறவிட்டு, எண்ணெய் தடவினாரு. குழலுக்குள்ள கம்பி விட்டுத் துடைக்க வெள்ளைத் துணி வேணும்னு என்னைக் கூப்புட்டாரு. நாலு விரல் நீளம், ரெண்டு விரல் அகலம், நூல் பிரியாத பருத்தி. நான் வெட்டிக் குடுத்தேன். மொத துணி அரிசிமாவோட வந்துச்சு. ரெண்டாவது கருப்பா வந்துச்சு. மூணாவது துணிக்குப் பின்னாடி ஒரு மூக்குத்தி வந்து பேப்பர்ல விழுந்துச்சு.

யேசுவடியான் அதை ஓரமா எடுத்து வச்சுட்டு அடுத்த துணியச் சுத்தினாரு. அதோட ஒரு சாவிக்கொத்து வந்துச்சு. அதுக்கடுத்து ஒரு செல்போன், பாவாடைக்கு நாடா கோக்கறப்ப துணி சுருங்கி விரியற மாதிரி, வாயில சன்னமா வந்து வெளியில விரிஞ்சு செல்போனா விழுந்துச்சு. அப்புறம் பிளாஸ்டிக் குடம். அப்புறம் போன மார்கழியில குட்டையில விழுந்த பால்காரரோட சைக்கிள், மொதல்ல ஹேண்டில்பார் வந்து மாட்டிக்கிச்சு, நாலு ஏட்டுங்க புடிச்சு இழுத்தாங்க, பெல்லு 'கிணிங்'குச்சு, முழுசா வந்துருச்சு. பால்காரரு டயரை அமுக்கிப் பாத்துட்டு, "காத்துகூட இறங்கலை"ன்னு ஏறிப் போயிட்டாரு.

"எப்புடீங்க இது?"ன்னு நான் கேட்டேன்.

"எப்புடியோ வருது. என் வேலை துணி வெள்ளையா வர்ற வரைக்கும் துடைக்கிறது. முப்பத்தோரு வருசத்துல வெள்ளை வராம நான் ஒரு குழலுக்கும் கையெழுத்துப் போட்டதில்ல"ன்னாரு.

சாயங்காலத்துக்குள்ள ஊரே ஸ்டேஷன் வாசல்ல. கேசுக்கு வர்றதுக்கே கூச்சப்படறவங்க, "நானும் ஒண்ணு தொலைச்சிருக்கேனுங்க"ன்னு குடும்பத்தோட வந்து நின்னாங்க. நாச்சிமுத்து ஒரு நோட்டைப் போட்டு உக்காந்தாரு. அவருக்கு எல்லாம் முறைப்படி நடக்கணும். பேரு, காணாமப் போன பொருள், அடையாளம், எல்லாம் கேட்டு எழுதி, கையெழுத்து வாங்கிட்டு, கடைசியா தலையத் தூக்கி, "வேற ஏதாச்சும் காணாமப் போச்சுங்களா?"ம்பாரு. அந்தக் கடைசிக் கேள்வியில சில பேரு அழுதுட்டாங்க. ஒரு வாத்தியாரம்மா "என் தூக்கம்"னு சொன்னாங்க, நாச்சிமுத்து எழுதாம விட்டுட்டாரு.

ரெண்டாம் நாளுதான் வரிசை புரிஞ்சுது. குட்டை பின்னாடியிருந்து முன்னாடி குடுக்குது. மொத நாளு இந்த ஒரு வருஷத்துக்குள்ள விழுந்தது, ரெண்டாம் நாளு அதுக்கு முந்தின வருஷத்தது, மூணாம் நாளு அதுக்கும் முந்தினது. ஒரு நாளைக்கு ஒரு வருஷம். பேங்க் மேனேஜர் சம்சாரம் வந்து பாத்துட்டு, "நவராத்திரியில வருது, படி கட்டுங்க"ன்னாங்க. ஸ்டேஷன் வராண்டாவுல பெஞ்சையும் பெட்டியையும் அடுக்கி ஒன்பது படி கட்டி, யாரும் கேட்டு வராத சாமானையெல்லாம் வருஷவாரியா கொலு வச்சாங்க. கண்ணாடி, ஒத்தைக் கொலுசு, பல்செட்டு, மூக்கு ஒடைஞ்ச பொம்மை, எவளோ கோவத்துல வீசின எட்டு சாம்பார் கரண்டி. லாக்கப்ல இருந்த ஆளும் கம்பி வழியா கையை நீட்டிச் சுண்டல் வாங்கித் தின்னான். நாலாம் நாளுக்குள்ள ஜனங்களுக்கு அது பழகிப்போச்சு. "நேத்து என்ன வந்துச்சு?"ன்னு கேட்டுக்கிட்டே பஸ்ஸுக்குப் போனாங்க.

ஆனா எல்லாருக்கும் அது சந்தோசமில்லைங்க. அவங்கவங்க எந்த வருஷம் எதை வீசினாங்கன்னு அவங்கவங்களுக்குத்தானே தெரியும். அஞ்சாம் நாளைக்கு முந்தியே மளிகைக்கடைக்காரரு குடும்பத்தோட பழனிக்குக் கிளம்பிட்டாரு. அஞ்சாம் நாளு மாரியம்மன் கோயில்ல காணாமப்போன வெங்கல மணி, அடிச்சுக்கிட்டே வெளியில வந்துச்சு. ஏழாம் நாளு ரெண்டு கல்யாண மோதிரம் ஒண்ணா வந்துச்சு. கேட்டு வந்த புருசனும் பொண்டாட்டியும் பத்தடி தள்ளித் தள்ளி நின்னு வாங்கிக்கிட்டு, தெரு முக்குல ஒண்ணாயிட்டாங்கன்னு கேள்வி.

நான் நாள் எண்ணிக்கிட்டிருந்தேன். குட்டை ரொம்பின வருஷம் ஒன்பதாவது. அதுல மொதல்ல விழுந்தது என் வீட்டுக்காரர். அப்போ கடைசியா வரவேண்டியது அவரு. ஒன்பதாம் நாளு ஆயுத பூஜை. ஒரு வாரமா தைச்ச ஜாக்கெட்டெல்லாம் கை எடது வலது மாறிப்போச்சு. வெள்ளைத் துணி மட்டும் நேரா வெட்டிக் குடுத்துக்கிட்டிருந்தேன்.

எட்டாம் நாளு மத்தியானம் யேசுவடியான் பிஸ்டலைக் கோத்து, குவாரிப் பாறைக்குப் போயி ஒரு குண்டு போட்டுப் பாத்தாரு. சுட்டுச்சு. வெறும் குண்டுதான் வந்துச்சு. பிருந்தா அங்கயே ஒரு பாறை மேல உக்காந்து தண்ணி குடிச்சுது. அப்புறம் என் கடைக்கு வந்து, தொப்பியக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு மெதுவா ஆரம்பிச்சுது.

"அக்கா, இதோட நிறுத்திடலாம். நாளைக்குச் சாயங்காலம் டி.எஸ்.பி. ஐயா பூஜைக்கு வர்றாரு. ஆயுதமெல்லாம் பாப்பாரு. சுடுது, அது போதும்."

"துணி இன்னும் கருப்பாத்தான் வருதுங்க."

"அக்கா, நான் வெளிப்படையாவே சொல்லிடறேன். நாளைக்கு உங்க வீட்டுக்காரரே வந்துட்டா? துப்பாக்கியால ஆள் செத்தா எழுதறதுக்கு எங்ககிட்ட வழி இருக்குது. துப்பாக்கியிலிருந்து செத்த ஆள் வந்தா எதுலக்கா எழுதறது? என் பிஸ்டல், என் பேரு. விசாரணைன்னு வந்தா நான் என்ன சொல்லுவேன்?"

அந்தப் புள்ள சொல்றதும் நியாயந்தான். ஆனா துடைக்கறதை நிறுத்திப் பிஸ்டல் உறைக்குள்ள போயிட்டா, குட்டையும் வாயை மூடிக்கும், என் ஒன்பது வருஷமும் அப்படியே மூடிக்கும். "சாகற வரைக்கும் எனக்கு இது தெரியாமப் போயிரும் கண்ணு"ன்னு சொன்னேன். அதுக்கு மேல பேச முடியாம அழுதுட்டேன். அதுவும் மூக்கை உறிஞ்சிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு.

ஆயுத பூஜை அன்னிக்குக் காலையில ஸ்டேஷன்ல மாவிலைத் தோரணம், வாழைக்கன்னு, ஜீப்புக்கு மாலை. லத்தி, துப்பாக்கி, விலங்கு எல்லாத்தையும் துடைச்சுச் செவப்புத் துணி மேல அடுக்கியிருந்தாங்க. நான் துணித்துண்டோட போயி நின்னேன். எனக்கு முன்னாடியே தெய்வானை நின்னுக்கிட்டிருந்தா. என்னைப் பாக்காம எஸ்.ஐ.கிட்ட கையெடுத்துக் கும்புட்டா.

"அம்மிணி, எங்கண்ணன் அங்க சாமியாத் தூங்கறான். அவனை இழுத்து எலும்பும் தோலுமா ஊரு முன்னாடி போடாதீங்க. என்னால பாக்க முடியாது."

ஒரு ஏட்டும் சேந்துக்கிட்டாரு. "இன்னிக்கு ஆயுதத்தைத் தொட்டு வேலை செய்யக் கூடாதுங்க மேடம். பூஜை நாளு."

எனக்கு எங்கயிருந்து தைரியம் வந்துச்சோ தெரியல. "பூஜையில வச்சப்புறந்தான் தொடக்கூடாது. வைக்கறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணணுமில்ல? ஊரெல்லாம் காலையிலிருந்து அருவாமனையும் சைக்கிளும் கழுவிட்டு நிக்குது. போலீஸ் மட்டும் சாமிக்கு முன்னாடி அழுக்கோடயா வைக்கும்? நான் என் மெஷினுக்கே அப்படிப் பண்ண மாட்டேன்!"

கூட்டத்துல "அதானே"ன்னாங்க. யேசுவடியான் கண்ணாடியத் தொடச்சு மாட்டிக்கிட்டாரு. "மேடம், எனக்குப் பூசை முறையெல்லாம் தெரியாது. ஆனா அந்தம்மா சொல்லுதது சரி. துணி வெள்ளையா வரல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்." பிருந்தாவே பிஸ்டலை எடுத்து அவரு கையில குடுத்து, "துடைங்க"ன்னுச்சு.

மத்தியானம் வரைக்கும் ஒன்பதாவது வருஷத்துச் சாமானா வந்துச்சு. கல்லுளி ஒண்ணு, சோறு கொண்டுபோற தூக்குப்போசி ஒண்ணு, ரப்பர் பந்து ஒண்ணு. வர வர ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நேரம் நீண்டுக்கிட்டே போச்சு. வெட்டின துணியில கடைசித் துண்டைக் கம்பியில சுத்தினாரு. தெய்வானை முந்தானையால முகத்தை மூடிக்கிட்டா. கம்பி பாதியில நின்னுபோச்சு. யேசுவடியான் மேசை மேல ஒரு காலை ஊணிக்கிட்டுத் தள்ளினாரு. குழல் வாயில மொதல்ல ஒரு சேவல் தலை எட்டிப் பாத்துச்சு.

பித்தளைச் சேவல். அப்புறம் மூடி, அப்புறம் கைப்பிடி, அப்புறம் அதோட முழு கனமும் விரிஞ்சு மேசையில 'தொபீர்'னு விழுந்துச்சு. கூட்டத்துல நின்ன ஆடு மேய்க்கறவரு, "இந்தச் சத்தந்தானுங்க! அன்னிக்குக் கேட்டது இதே சத்தந்தான்!"னு கத்திட்டாரு. பெட்டியச் சுத்தி ஒரு சட்டை, மூடி திறந்துக்காம கை ரெண்டையும் இழுத்து முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்துச்சு. நான் தைச்ச சட்டை. காஜா நான் எடுத்தது, என் கையி எனக்குத் தெரியாதா? அந்த முடிச்சும் தெரியும். துணி மூட்டை கட்டறப்ப அவரு போடற ரெட்டை முடிச்சு.

செருப்பைக் கரையில விட்டுட்டு, ஆள் விழுந்த சத்தம் கேக்கணும்னு எங்கப்பன் குடுத்த இஸ்திரிப் பெட்டியத் தூக்கி வீசிட்டு, அந்த மனுசன் வெறுங்காலோட பஸ் ஏறிப் போயிருக்காரு.

நான் வாயைத் திறந்தேன். ஒன்பது வருஷமா தொண்டையில நின்னதெல்லாம் வந்துச்சு. படுபாவி, வெக்கங்கெட்டவனே, சொல்லிட்டுப் போக வாயில்லையா, உனக்கு எள்ளும் தண்ணியும் எறைக்க வச்சியேடா, உன் பேருல ஒரு ஊரே விளக்குப் போட்டுச்சேடா, பெட்டியாவது விட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா, ஊராரு துணிக்கு நான் எதை வச்சுடா இஸ்திரி போடுவேன்னு நெனச்சே! இருவது நிமிஷம் திட்டினேன். பாதியில தெய்வானையும் எந்திரிச்சு என் பக்கத்துல வந்து நின்னு, தங்கச்சிங்கற மொறையில அவளுக்குத் தெரிஞ்சதையும் சேத்துத் திட்டினா. நான் மறந்துபோன ஒண்ணு ரெண்டை அவதான் எடுத்துக் குடுத்தா.

மூச்சு வாங்க நின்னப்ப அவ கையைப் புடிச்சுக்கிட்டேன். "உன்னைப் போயித் திருடின்னேனே தெய்வானை. என்னைச் செருப்பால அடி."

"விடுங்கண்ணி. நான் மட்டும் என்ன, அவனைச் சாமின்னேன்."

அதைச் சொல்லிட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. எனக்கும் வந்துச்சு. அழுகை எது, சிரிப்பு எதுன்னு எங்களுக்கே தெரியல.

யேசுவடியான் மட்டும் குழலை வெயிலுக்கு நேரா புடிச்சு ஒத்தக் கண்ணால பாத்துக்கிட்டிருந்தாரு. "இன்னும் ஒரே ஒரு துணி வேணும்மா."

கடையில வெள்ளைத் துணி ஒரு நூலு இல்ல, ஒன்பது நாளுல அவ்வளவும் தீந்துபோச்சு. வீட்டுக்குப் போயி டிரங்குப் பெட்டியத் திறந்தேன். அந்தாளு கல்யாணத்துக்குக் கட்டின வேட்டி, கற்பூரம் போட்டு மடிச்சு வச்சிருந்தேன், என்னைக்காவது வந்தா மாத்துத்துணி வேணுமேன்னு. எடுத்துட்டு வந்து, ஸ்டேஷன் முன்னாடி வச்சே பல்லால கடிச்சு 'சர்'னு கிழிச்சேன். நாலு விரல் நீளம், ரெண்டு விரல் அகலம். அவரு கம்பியில சுத்தி ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் வாங்கினாரு. எடுத்து எல்லாருக்கும் காட்டினாரு. உள்ள போன மாதிரியே வெள்ளையா வந்துச்சு.

குட்டைக்குள்ள இனி ஒண்ணுமில்ல. அவரு கையெழுத்துப் போட்டாரு, பிருந்தா பிஸ்டலுக்குச் சந்தனமும் குங்குமமும் வச்சுச் செவப்புத் துணி மேல வச்சுது. சாயங்காலம் டி.எஸ்.பி. வந்து குழலைப் பாத்துட்டு, "மாவட்டத்துலயே இவ்வளவு சுத்தமா ஒரு ஆயுதம் பாத்ததில்ல"ன்னு சொன்னதா அப்புறம் கேள்விப்பட்டேன்.

அதுக்கு முன்னாடி நாச்சிமுத்து என்னைக் கூப்புட்டு உக்கார வச்சாரு. யாரா இருந்தாலும் அவருக்கு முறைதான்.

"பேரு?"

"தமயந்தி."

"காணாமப் போன பொருள்?"

"பித்தளை இஸ்திரிப் பெட்டி ஒண்ணு."

"அடையாளம்?"

"மூடி மேல சேவல். வால் நுனி கொஞ்சம் நசுங்கியிருக்கும், எங்கப்பா கொண்டாறப்பவே அப்படித்தான்."

அவரு சேவலோட வாலைத் தடவிப் பாத்துட்டு எழுதினாரு. கையெழுத்து வாங்கினாரு. பெட்டிய என் பக்கமா நகத்தினாரு. அப்புறம் வழக்கம்போல தலையத் தூக்கினவரு, என் மூஞ்சியப் பாத்ததும் கேக்கலாமா வேண்டாமான்னு ஒரு நிமிஷம் தடுமாறி, கடைசியில கேட்டே கேட்டாரு.

"வேற ஏதாச்சும் காணாமப் போச்சுங்களா?"

மேசை மேல அந்த வெள்ளைத் துணி இருந்துச்சு. அதைப் பாத்தேன். பெட்டியத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டேன்.

"இல்லீங்க. அவ்வளவுதான்."